மூன்றாவது மாடிப் புள்ளிகள்

"தனியாவா சாப்பிடறே?" என்று தங்கை போனில் கேட்டாள். ஆபீசில் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர் வாங்கியிருந்த அண்ணன் "இல்ல" என்று சொல்லிவிட்டார்.

பொய் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டுச் சொன்னதில்லை. காலையிலிருந்து மாலை வரை ‘இல்லை’ என்று எழுதியிருக்கும் பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பவர் அவர். கைக்கு இருந்த பழக்கம் வாய்க்கும் தொற்றிக்கொண்டது. சொன்ன பிறகுதான், பாதி கடித்த ரொட்டியையும் எதிரே இருந்த கணினித் திரையையும் தவிர அறையில் துணை என்று சொல்ல எதுவும் இல்லை என்பது உறைத்தது.

"இல்லையா? அப்போ கூட யாரு?"

"ஒருத்தங்க."

"ஒருத்தங்கன்னா ஆம்பளையா, பொம்பளையா?"

"மூணாவது மாடியில வேலை பார்க்கிறவங்க."

"நான் மாடியைக் கேட்கல அண்ணா."

"பொம்பளைதான்."

மறுமுனையில் தங்கை சிரித்தாள். கல்யாணமாகிப் போன இந்த ஒன்றரை வருஷமாக அவள் போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தத்தை மட்டுமே கேட்டுப் பழகியவருக்கு அந்தச் சிரிப்பு என்னவோ செய்தது. சும்மா சொன்னேன் என்று உடனே மறுத்திருக்கலாம். மனம் வரவில்லை.

"பேரு என்ன?"

"தெரியாது."

"பேரு தெரியாம கூட உட்கார்ந்து சாப்பிடறியா?"

"ஆபீஸ் ரூல் அப்படி. பேரு தெரியக் கூடாது."

"என்ன ரூலோ போ" என்றாள் தங்கை. அவள் குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது.

அண்ணனும் தங்கையுமாக ஒரே வீட்டில் காலம் தள்ளியவர்கள். வந்த வரன்களையெல்லாம் "அண்ணனை யார் பார்த்துப்பா" என்று அவள் தட்டிக்கழித்தாள். "தங்கச்சி இருக்கும்போது எனக்கென்ன அவசரம்" என்று இவர் தட்டிக்கழித்தார். அவளுக்கு நாற்பது தாண்டிய பிறகு, வெளியூரில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு நல்ல மனிதர் விடாப்பிடியாக வந்து கேட்டார். பூதக்கண்ணாடி தங்கையின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவளைச் சம்மதிக்க வைத்தார். பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டபோதுதான், தான் என்ன காரியம் செய்திருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. அதற்குப் பிறகும் இரண்டு பேருக்குத்தான் அளந்து சமைத்தார். வெளியே கிளம்பும்போது ரேடியோவை அணைக்காமல் போனார். திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்போது உள்ளே யாராவது பேசிக்கொண்டிருப்பது கேட்க வேண்டும் அவருக்கு.

தங்கைக்கும் அங்கே நிம்மதி இல்லை. "நீ ஒண்டியாக் கிடக்கிறேன்னு நெனச்சா எனக்குச் சோறு இறங்கல. நான் வந்துடறேன்" என்று சொல்லி அவ்வப்போது பெட்டியைத் தூக்கிவிடுவாள். அவள் வந்துவிட்டால் அந்த சைக்கிள் கடைக்காரரின் கதி என்ன? ஆகவே தான் தனியாக இல்லை என்று அவளை நம்பவைப்பதைவிடப் பெரிய வேலை பூதக்கண்ணாடிக்கு வேறு இல்லை. இத்தனை நாளாக அதற்கு வழி தெரியாமல் முழித்தவருக்கு, வாய் தவறி வந்த ஒரு சொல் வழி காட்டிவிட்டது.

தவிர, அது முழுப் பொய்யும் இல்லை. மூன்றாவது மாடியில் ஒருவர் இருந்தார். சொல்லப்போனால், அவரை நினைத்துக்கொண்டுதான் பூதக்கண்ணாடி தினமும் ஆபீசுக்கே வந்தார்.

அவர் வேலை பார்த்தது வானத்தை ஆராய்கிற ஒரு நிலையத்தில். தொலைநோக்கி எங்கோ ஒரு மலை மேல் இருந்தது. அது இரவில் எடுக்கிற படங்கள் காலையில் இந்தக் கட்டடத்துக்கு வந்து சேரும். நெப்டியூனுக்கும் அப்பால், வெயில் என்பது பேருக்கு எட்டிப் பார்க்கிற இடத்தில், சின்னச் சின்னப் பனிக்கட்டி உருண்டைகள் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு சுற்று வருவதற்கு நூற்றாண்டுகள் ஆகும். ஒன்றுக்கொன்று அக்கம்பக்கம் என்று சொல்ல முடியாத தூரம். அவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் நிலையத்தின் வேலை.

பிடிக்கிற முறை எளிது. வானத்தின் ஒரே துண்டை நேரம் விட்டு நேரம் மூன்று படம் எடுப்பார்கள். மூன்றையும் திரையில் மாற்றி மாற்றிக் காட்டினால் நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் இருக்கும், பனி உருண்டை மட்டும் துளி நகர்ந்திருக்கும். நகர்கிற புள்ளியைக் கண்டால் ‘உண்டு’ பொத்தான். தூசி, கீறல், கருவிக் கோளாறு என்றால் ‘இல்லை’ பொத்தான். கீழ்த்தளத்தில், மாடிப்படிக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார்ந்து நாள் முழுக்க இதைச் செய்வது பூதக்கண்ணாடி.

மூன்றாவதாக ஒரு பொத்தானும் இருந்தது. அதன் பெயர் ‘போலி’. பார்க்கிற ஆள் விழித்திருக்கிறாரா, தூங்கி வழிகிறாரா என்று தெரிந்துகொள்ள, மூன்றாவது மாடியில் ஒரு அம்மாள் படங்களுக்குள் தன் கையாலேயே நகர்கிற புள்ளிகளை வைத்து அனுப்புவார். இது வைத்த புள்ளி என்று சந்தேகம் வந்தால் ‘போலி’யை அமுக்க வேண்டும். ஏன் அப்படித் தோன்றியது என்று எழுதப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு. எழுதியது நேரே மூன்றாவது மாடிக்குப் போகும், அடுத்த முறை இன்னும் நன்றாக ஏமாற்றுவதற்காக. இயக்குநர்கூட அதைப் பார்க்க மாட்டார். வைப்பவரும் பார்ப்பவரும் சந்திக்கக் கூடாது, பேசக் கூடாது. எப்போது வைக்கிறார்கள், எப்போது வைக்கவில்லை என்பது பார்ப்பவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்துவிட்டால் அப்புறம் அது என்ன சோதனை?

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு புள்ளியைக் கண்டதும் பூதக்கண்ணாடி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் இயக்குநரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார். அது போலி. கட்டடமே வயிறு வலிக்கச் சிரித்தது. பட்டப்பெயரும் அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான். அதிலிருந்து எந்தப் புள்ளியையும் அவர் லேசில் நம்புவதில்லை. கொஞ்சம் அழகாக நகர்ந்தால்கூட ‘போலி’தான். முன்பெல்லாம் வாரக் கடைசியில் எத்தனை போலிகளைப் பிடித்தார் என்று மேலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வரும். அது நின்று வெகு காலமாகிவிட்டது. காகிதச் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

தங்கை போன பிறகுதான் அது ஆரம்பித்தது. ஒரு நாள், "ரொம்ப உருண்டையாக இருக்கிறது. நிஜம் இவ்வளவு லட்சணமாக இருக்காது" என்று கட்டத்தில் எழுதினார். மறுநாள் புள்ளி ஓரத்தில் கொஞ்சம் கலைந்து வந்தது. "பளிச்சென்று இருக்கிறது" என்று எழுதினார். அடுத்த நாள் மங்கலாக வந்தது. ஐம்பதைத் தாண்டிய மனிதர், வீட்டில் சொல்வதைக் கேட்க நாற்காலி மேஜை தவிர ஆளில்லை. மூன்று மாடிக்கு மேலே ஒரு ஜீவன் தான் சொன்னதைக் கேட்டு நடக்கிறது என்றால் எப்படி இருக்கும்?

இன்னொன்றும் கவனித்தார். முன்பு போலிப் புள்ளி ஒரு நாள் வந்தால் மறுநாள் இருக்காது. இப்போது அதே புள்ளி தினமும் வந்தது. நேற்று விட்ட இடத்திலிருந்து எவ்வளவு நகர வேண்டுமோ அவ்வளவே நகர்ந்து, கணக்குப் பிசகாமல் வந்தது. யாரோ ஒரு முகம் தெரியாத ஆளுக்காக இவ்வளவு மெனக்கெடுகிறார்களே என்று நெகிழ்ந்து போனார்.

கட்டத்தில் எழுதுவது மெல்ல மெல்ல மாறியது. "இன்று மழை. குடை கொண்டுவந்தீர்களா?" என்று எழுதினார். "நேற்று முட்டை கருகிவிட்டது" என்று எழுதினார். ஒரு நாள், என்ன நினைத்தாரோ, "ஒன்று மட்டும் தனியாகப் போவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. துணைக்கு ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும்" என்று எழுதிவிட்டு, எழுதியதற்காக வெட்கப்பட்டு, அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார்.

சில நாள் கழித்து, திரையின் ஓரத்தில் இரண்டு புள்ளிகள் வந்தன. ஒட்டிக்கொள்ளவும் இல்லை, விலகவும் இல்லை. ஜோடியாகவே நகர்ந்தன. பூதக்கண்ணாடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஜோடிதான். அவர் ‘போலி’யை அமுக்கி, கட்டத்தைக் காலியாகவே அனுப்பினார்.

தங்கையிடம் ‘ஒருத்தங்க’ என்று வாய் தவறியது இதற்கு மறு வாரம்.

இனி விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது என்று, டீ கொண்டுவரும் கேன்டீன்காரரைப் பிடித்தார்.

"மூணாவது மாடிக்கும் நீங்கதானே போறீங்க?"

"ஆமா."

"அங்க ஒரு அம்மா இருக்காங்களே. எப்படி?"

"எப்படின்னா? ரெண்டு டீ வாங்குவாங்க."

"கூட யாராவது இருக்காங்களா?"

"இல்லையே. அவங்க ஒருத்தங்கதான்."

"ஒரு ஆளுக்கு ரெண்டு கப்பா?"

"ஆமா. ஒண்ணைக் குடிச்சிட்டு இன்னொண்ணைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. ஆறினதும் குடிப்பாங்க."

பூதக்கண்ணாடிக்கு அந்த இரண்டாவது கப் யாருக்காக வாங்கப்படுகிறது என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கல்யாணம் ஆனவங்களா?" என்றார்.

"நான் டீதான் சார் கொண்டு போறேன்" என்றார் கேன்டீன்காரர்.

தங்கை இப்போது தினமும் போன் செய்தாள். அழுவதற்காக இல்லை, விசாரிப்பதற்காக.

"என்ன பேசுவாங்க?"

"அதிகம் பேச மாட்டாங்க. சொன்னதைக் கேட்டுப்பாங்க."

"அப்படி ஒரு ஆளு கிடைக்கறது லேசுல்ல. விட்டுடாதே."

சைக்கிள் கடைக்காரர் போனை வாங்கினார். "மச்சான், பேச்சு குறைச்சல்னா குடும்பத்துக்கு ரொம்ப நல்லது."

"என்ன சொன்னீங்க?" என்று பின்னாலிருந்து தங்கையின் குரல் கேட்டது.

"ஒண்ணுமில்ல, மச்சானுக்கு வாழ்த்து சொன்னேன்."

விஷயம் கைமீறிப் போகிறது என்று பூதக்கண்ணாடிக்குத் தெரிந்தது. கொஞ்சம் அடக்கிவைக்கலாம் என்று, "அவங்களுக்கு வேலை ஜாஸ்தி, சாப்பிடக்கூட நேரம் இல்ல" என்றார். "அய்யோ பாவம், அப்போ நீ சமைச்சு எடுத்துட்டுப் போ" என்றாள் தங்கை. வேறு வழியில்லாமல், எடுத்துக்கொண்டு போனதாகவும் அவங்க நன்றாக இருந்தது என்று சொன்னதாகவும் சொன்னார். "உன் சமையலை நல்லா இருக்குன்னு சொன்னாங்களா? அண்ணா, இது சாதாரண விஷயம் இல்ல. அவங்களுக்கு உன் மேல உயிரு." இதைச் சமாளிக்க, "அவங்க ரொம்பக் கூச்ச சுபாவம், அடுத்த கட்டத்துக்குப் போக மாட்டாங்க" என்று ஒரு போடு போட்டார். அதுதான் தப்பாகிவிட்டது.

"அப்போ நாங்க வந்து பேசறோம். பெரியவங்க பேசினா கூச்சம் போயிடும்."

"நீ எனக்குத் தங்கச்சி. நீ எப்படிப் பெரியவ ஆவே?"

"கல்யாணம் ஆனவ. அது போதும்."

இந்த நேரம் பார்த்து இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். அவர் முன்னால் ஒரு காகிதம் இருந்தது. அவர் முகம் நன்றாக இல்லை.

"பூதக்கண்ணாடி, இந்த ஒரு வருஷத்துல எத்தனை ‘உண்டு’ போட்டிருக்கீங்க?"

"இல்ல சார்."

"ஒண்ணுகூட இல்ல. மத்த ஊர்லல்லாம் கூடை கூடையா அள்றான். நமக்கு மட்டும் அங்க ஒண்ணுமே இல்லையா? இல்ல, உங்க கண்ணு போச்சா?"

உண்மையைச் சொல்லிவிடலாம். மேலே அந்த அம்மாள் தினம் தினம் புள்ளியை அள்ளி வைத்தால் நிஜம் எங்கிருந்து தெரியும் சார் என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் மேலே விசாரணை வரும். கட்டத்தைத் திறந்து பார்ப்பார்கள். மழை, குடை, கருகிய முட்டை எல்லாம் சந்திக்கு வந்துவிடும். தன் பெயர் கெட்டால் போகட்டும், தனக்காக இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டவங்க பெயர் கெடலாமா?

"கண்ணு நல்லாத்தான் இருக்கு சார். நாம பார்க்கிற பக்கம் வானம் காலி."

"காலியா?"

"காலி சார்."

இயக்குநர் காகிதத்தைக் கீழே வைத்தார். எதையாவது பெரிதாக அறிவிக்க வேண்டும் என்று நெடுநாளாகக் காத்திருந்த மனிதர். அவர் முகம் மெல்ல மாறுவதைப் பூதக்கண்ணாடி கலவரத்தோடு பார்த்தார்.

"இருங்க. எல்லாரும் அங்க கூட்டம் கூட்டமா இருக்குன்னு சொல்லிக்கிட்டிருக்கான். நாம மட்டும் பார்த்துப் பார்த்து, ஒரு இடத்தோட சரி, அதுக்கு அப்பால் காலின்னு கண்டுபிடிச்சிருக்கோம். இல்லைங்கறதும் ஒரு கண்டுபிடிப்புதானே?"

"அது வந்து சார்…"

"உறுதியாச் சொல்றீங்களா?"

இந்த இடத்தில் பின்வாங்கினால் மறுபடியும் மூன்றாவது மாடியில் விசாரணைதான். "உறுதியாச் சொல்றேன் சார்" என்றார்.

இயக்குநர் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார். பத்திரிகைக்காரர்கள், மற்ற நிலையங்களின் பெரிய மனிதர்கள் எல்லாரையும் அழைத்து அறிவிப்பதற்கு அடுத்த மாதம் ஒரு நாள் குறித்தார். போகும்போது, "அதுக்கப்புறம் உங்களுக்கு அந்த இருட்டு ரூம் வேண்டாம். காலி இடத்தைப் பார்க்க ஆள் எதுக்கு? பூட்டிடலாம். உங்களை நல்ல செக்‌ஷனா பார்த்துப் போடறேன்" என்றும் சொன்னார். பரிசு கொடுக்கிற முகத்தோடு சொன்னார்.

அறையைப் பூட்டினால் திரை போச்சு. திரை போனால் புள்ளி போச்சு. பூதக்கண்ணாடி தன் நாற்காலிக்கு வந்து ஜோடிப் புள்ளியைப் பார்த்தார். அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் ரேடியோ, இங்கே இந்த ஜோடி. இந்த இரண்டையும் விட்டால் அவருக்கென்று இருந்தது ஒன்றுமில்லை. இதில் ஒன்றைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாயிற்று.

அன்றைக்குத் துணிந்து கட்டத்தில் எழுதினார். "இந்த அறையை மூடப்போகிறார்கள். அதற்கு முன் ஒரு முறை உங்களை நேரில் பார்க்க வேண்டும். சம்மதம் என்றால் நாளைக்குப் பளிச்சென்று ஒரு புள்ளி வையுங்கள்."

மறுநாள் ஒரு புள்ளியும் வரவில்லை. ஜோடியையும் காணோம்.

நிலா வளர்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை. நிலா வெளிச்சத்தில் வானம் வெளுத்துப் போனால் மங்கலான புள்ளிகள் படத்தில் தெரியாது என்பது அந்தத் தொழிலில் அரிச்சுவடி. அவருக்கும் தெரியும். ஆனால் வைப்பவங்க மனது வைத்தால் இன்னும் பளிச்சென்று வைக்கலாமே, நிலாவா வந்து கையைப் பிடித்தது என்று அவருக்குத் தோன்றியது. வைக்கவில்லை என்றால் கோபம்தான்.

"தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்" என்று எழுதினார். பதில் இல்லை. "பார்க்க வேண்டாம். முன்போல் இருந்தால் போதும்" என்று எழுதினார். பதில் இல்லை. வெள்ளையடித்த சுவர் போலத் திரை காலியாக இருந்தது. சாப்பாட்டு வேளையில் ரொட்டியைப் பிரித்துவிட்டு அப்படியே மூடினார். வீட்டில் ரேடியோ பேசிக்கொண்டிருந்தது எரிச்சலாக இருக்க, முதல் முறையாக அதை அணைத்தார். வீடு முழுக்கத் தன் மூச்சு மட்டும் கேட்டது. பயந்துபோய் மறுபடியும் போட்டார். அடுத்த நாள் காலையில், "பளிச்சென்று வேண்டாம். மங்கலாக இருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்" என்று எழுதினார்.

தங்கை போன் செய்தாள். "நாங்க டிக்கெட் எடுத்தாச்சு."

"எந்தத் தேதி?"

சொன்னாள். இயக்குநர் அறிவிக்கப்போகிற அதே நாள்.

"அன்னைக்கு ஆபீஸ்ல பெரிய கூட்டம். வேண்டாம்."

"கூட்டம்னா எல்லாரும் கட்டாயம் வந்திருப்பாங்க. அவங்களும் இருப்பாங்க. நல்லதாப் போச்சு."

"அவங்களுக்கும் எனக்கும் கொஞ்சம் மனஸ்தாபம்."

"அதுக்குள்ள சண்டை போடற அளவுக்கு வந்தாச்சா?" என்று தங்கை சந்தோஷப்பட்டாள். இனி அவளிடம் எதைச் சொல்லியும் பிரயோஜனமில்லை.

நிலா தேய்ந்தது. ஒரு நாள் காலை, நம்பிக்கையே இல்லாமல் படங்களைப் போட்டுப் பார்த்தார். ஜோடி திரும்பி வந்திருந்தது. இத்தனை நாளில் எவ்வளவு தூரம் போயிருக்க வேண்டுமோ அவ்வளவு தூரம் போய், சேர்ந்தே வந்திருந்தது. அது மட்டும் இல்லை. மேலே ஒன்று, இடப்பக்கம் இரண்டு, மூலையில் ஒன்று என்று புதிதாகப் புள்ளிகள், நடுவில் பளிச்சென்று ஒன்று. இதுவரை பார்த்திராத கூட்டம். சம்மதம் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? பூதக்கண்ணாடி ஒவ்வொன்றாகப் ‘போலி’யை அமுக்கினார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "நன்றி" என்று எழுதினார். சாயந்திரம் கடைக்குப் போய் ஒரு சட்டை வாங்கினார்.

அந்த நாளும் வந்தது. அவர் சட்டையில் கடையில் மடித்த மடிப்பு இன்னும் போகவில்லை. தங்கை ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்திருந்தாள். சைக்கிள் கடைக்காரர் எவ்வளவு தேய்த்தும் போகாத கிரீசுக் கறையை மறைக்கக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முதல் மாடி மண்டபத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் வா வா என்று கை காட்டினார். பூதக்கண்ணாடி பார்க்காதது போல் படியேறினார்.

"மச்சான், பாதியில நின்னுட்டீங்களே" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"படி ஜாஸ்தி."

மூன்றாவது மாடியில் ஒரே ஒரு கதவுதான் திறந்திருந்தது. உள்ளே அலமாரிகளுக்கு நடுவில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பாதி நரைத்த தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. மேஜை மேல் இரண்டு டீ கப். பூதக்கண்ணாடி வாசலிலேயே நின்றார். தங்கை முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

"யாரு?" என்றார் அம்மாள்.

"கீழ்த்தளம். மாடிப்படிக்குப் பின்னாடி ரூம். பூதக்கண்ணாடின்னு சொல்வாங்க."

அம்மாளின் முகம் மலர்ந்தது. "நீங்கதானா அது? உங்களை ஒரு தடவையாவது பார்த்துடணும்னு எத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருக்கேன் தெரியுமா? இந்தக் கட்டடத்துலேயே உங்களை மாதிரி ஒருத்தர் கிடையாது. வாங்க, உட்காருங்க."

தங்கை புருஷனை முழங்கையால் இடித்தாள். அவர் கையைப் பின்னாலிருந்து எடுத்து ஒரு கும்பிடு போட்டார்.

பூதக்கண்ணாடி உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வராது என்று பயந்தார். "நான் பேசக் கூடாதுதான். ரூல் தெரியும். இருந்தாலும் ரூமைப் பூட்டறதுக்குள்ள சொல்லிடணும்" என்று ஆரம்பித்தார். "இதோ நிக்கறாளே என் தங்கச்சி, இவகிட்ட உங்ககூட உட்கார்ந்து சாப்பிடறேன்னு சொல்லியிருக்கேன். பொய். நான் தனியாத்தான் சாப்பிடறேன். வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தா யாரும் இல்ல. இவ போனதிலேருந்து எனக்குப் பேச்சுத் துணைன்னு இருந்தது நீங்க அனுப்பின புள்ளிங்க மட்டுந்தான். நான் கேட்டேன்னு ஒரு ஜோடி வெச்சீங்களே, தினம் அதைப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். நீங்க வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். அதுக்கு ஒரு நன்றி சொல்லத்தான் வந்தேன்."

தங்கையின் சிரிப்பு போய்விட்டது. பிஸ்கட் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அண்ணனையே பார்த்தாள். பிறகு ஒரு கையால் அவர் புதுச் சட்டையின் கைப்பகுதியைப் பிடித்துக்கொண்டாள்.

கீழேயிருந்து ஒலிபெருக்கி கணீரென்று கேட்டது. "எங்க ஆள் ஒருத்தர் ஒவ்வொரு படமா, ஒரு வருஷமாப் பார்த்தாச்சு. இனி சந்தேகமே வேண்டாம். அதுக்கு அப்பால் ஒண்ணுமே இல்லை." கைதட்டல் எழுந்தது.

அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"சார், இது லீவு செக்‌ஷன்" என்றார் மெதுவாக. "கட்டடத்துல எல்லாரும் லீவு கேட்டு இங்க வந்து போயிட்டாங்க. நான் இங்க வந்ததிலேருந்து ஒரு நாள்கூட லீவு கேட்காத ஆளு நீங்கதான். அதனாலதான் உங்களைப் பார்க்கணும்னு சொன்னேன்."

"அப்போ புள்ளி?"

"முன்னாடி நான்தான் வெச்சுக்கிட்டிருந்தேன். அதை நிறுத்தி என்னை இங்க போட்டு ரெண்டு வருஷமாச்சு சார், உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் உத்தரவு. அந்த ஜோடிய யாரும் வைக்கல."